மிக்-21 ஓய்வுக்குப் பிறகு அதன் விமானிகளும் தரைப் பணியாளர்களும் என்ன ஆவார்கள்?

கேள்வி: சோமனூர் அக்கா (அக்டோபர் 2025)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்த நிகழ்ச்சியை வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருப்பதால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

என் தம்பி விமானப்படையில் சார்ஜெண்ட்; விமானத்தின் உடற்கட்டமைப்பைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் பிரிவு. 2008இல் சேர்ந்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி மிக்-21 ஸ்குவாட்ரன்களிலேயே (விமானப் படைப்பிரிவுகள்), அதுவும் ராஜஸ்தான் பக்கமே கழிந்தது. முதற்கட்டப் பணிக்காலமான 20 ஆண்டுகள் 2028இல் முடிகின்றன. "விமானமே போயிருச்சுன்னா இவனுக்கு அங்க என்ன வேலைங்க?" என்று உறவினர்கள் கேட்கக் கேட்க, அம்மாவுக்கு மனக்கலக்கம் கூடிவிட்டது. தம்பியோ, "எனக்கு ஒன்றும் ஆகாது அக்கா" என்பதற்கு மேல் எதையும் விளக்கிச் சொல்வதில்லை.

விமான வகை ஒன்று நீக்கப்படும்போது அதில் வேலை செய்தவர்களுக்கு உண்மையில் என்ன நேர்கிறது? கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் உள்நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றனவே, அங்கே மாறுதல் கேட்டால் கிடைக்குமா? 2028இல் வெளியே வந்துவிட்டால், பறப்பதை நிறுத்திவிட்ட விமானத்தில் பெற்ற அனுபவத்துக்குக் கோவையில் மதிப்பு உண்டா? என் சித்தப்பா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு விமானியாக விரும்பி தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான என்.டி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறான். சண்டை விமானங்களே குறைந்துகொண்டு போகும்போது இது சரியான முடிவா என்று அவன் வீட்டிலும் தயங்குகிறார்கள். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய ஃபிட்டர், காங்கயம்பாளையம்

வணக்கம் அம்மணி. நான் என்ஜின் பிரிவில் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். இப்போது சூலூர் விமானத் தளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: விமான வகை ஒன்று ஓய்வு பெறுவதால் யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். உங்கள் தம்பியை எடுத்தது மிக்-21க்காக அன்று, ஏர்ஃப்ரேம் என்ற தொழிற்பிரிவுக்காக. அந்தத் தொழில் எல்லா விமானத்திலும் உண்டு.

ஸ்குவாட்ரனுக்கு நேர்வது வேறு கதை. விமானங்கள் போனதும் அதன் எண்ணையும் சின்னத்தையும் எடுத்து வைத்துவிட்டு, புதிய விமானம் வரும்போது அதே எண்ணை மீண்டும் தொடங்குவது நம் படையின் வழக்கம். இதற்குச் சூலூரே நல்ல சான்று. இங்குள்ள 45ஆம் ஸ்குவாட்ரன் முன்பு குஜராத்தின் நாலியாவில் மிக்-21 வைத்திருந்தது. 2016இல் பெங்களூரில் தேஜஸ் விமானத்தோடு மீண்டும் தொடங்கப்பட்டு, 2018இல் சூலூருக்கு வந்து சேர்ந்தது. 18ஆம் ஸ்குவாட்ரன் 1971 போரில் நாட் விமானங்களோடு ஸ்ரீநகரில் இருந்தது. பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் அதைச் சேர்ந்தவர். பிற்பாடு மிக்-27 வைத்திருந்த அது 2016 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸோடு மறுபடியும் உயிர்பெற்றது. தஞ்சாவூரில் சுகோய்-30 வைத்திருக்கும் 222ஆம் ஸ்குவாட்ரனும் ஒரு காலத்தில் மிக்-27 ஸ்குவாட்ரன்தான். அம்பாலாவில் ரஃபேல் வந்து இறங்கிய 17ஆம் ஸ்குவாட்ரன் அதற்கு முன் மிக்-21 ஓட்டியது. ராஜஸ்தான் உத்தர்லாயின் 4ஆம் ஸ்குவாட்ரன் 2023 அக்டோபரில் மிக்-21ஐ விட்டு, இடைவெளியே இல்லாமல் சுகோய்க்கு மாறிவிட்டது.

இதைவிடப் பழைய கதையும் இந்த மண்ணுக்கு உண்டு. இளையவர்கள் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன். 1961இல் கடற்படை தன் ஐஎன்எஸ் ஹன்சா தளத்தைத் தொடங்கியது சூலூரில்தான். விக்ராந்த் கப்பலின் சீ ஹாக் ஜெட்டுகளுக்கு இதுவே கரைத்தளம். 1964இல் ஹன்சா கோவாவுக்குப் போய்விட்டது. அந்த சீ ஹாக் விமானங்களை வைத்திருந்த 300ஆம் கடற்படை ஸ்குவாட்ரன், 1983இல் சீ ஹாரியருக்கும், 2016இல் அதுவும் ஓய்வு பெற்றபின் மிக்-29கே விமானத்துக்கும் மாறியது.

ஆனால் எண் ஓரிடத்தில் காத்திருக்கும்போது ஆட்கள் காத்திருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் மாறுதல் வரும்; வான்வீரர்களுக்கு அதை முடிவு செய்வது டெல்லியில் உள்ள ஆவண அலுவலகம். ஸ்குவாட்ரனை மூடும் வேலையே கொஞ்சம் அல்ல: கருவிகள், உதிரிப் பொருள்கள், தரைச் சாதனங்கள் எல்லாவற்றையும் கணக்கு முடித்து ஒப்படைக்க வேண்டும், காட்சிக்கு வைக்கப்போகும் விமானங்களைப் பாதுகாப்பாக்க வேண்டும். அதற்காகச் சிலரைச் சில காலம் அங்கேயே வைத்திருப்பார்கள். தம்பி எதையும் விளக்கிச் சொல்லாததற்கு, உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

சூலூர் மாறுதலைப் பற்றி நான் ஆசை காட்ட மாட்டேன். விருப்ப இடத்தைக் குறிப்பிடலாம், கிடைத்தால் நல்லது. சொந்த ஊருக்குப் பக்கத்தில் தளம் இருப்பது மட்டும் ஒரு தகுதியாகிவிடாது. அப்படியே கிடைத்தாலும், தேஜஸில் அவர் மறுபடியும் மாணவராகத்தான் உட்கார வேண்டும். மிக்-21 அலுமினியத் தகடும் ரிவெட்டும் கொண்டு செய்த விமானம்; அடிபட்டால் நசுங்கும், விரிந்தால் கண்ணுக்குத் தெரியும். தேஜஸின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடும், வெளிப்பரப்பில் 90 விழுக்காடும் கார்பன் இழைக் கலப்புப் பொருள். ஒரு ஸ்பேனர் கை தவறி இறக்கையின் மீது விழுந்தால் மேலே கீறல்கூடத் தெரியாமல், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். தட்டிப் பார்த்தும், மீயொலிக் கருவி வைத்துப் பார்த்தும்தான் கண்டுபிடிக்க முடியும். விமானியின் கைப்பிடிக்கும் இறக்கை மடல்களுக்கும் நடுவே நான்கு மடங்கு காப்புள்ள மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. மிக்-21 தரையிறங்கியதும் வாலிலிருந்து விரியும் பாராசூட்டை ஓடிப்போய் எடுத்துவந்து, அடுத்ததைத் திணித்து, கால் மணி நேரத்தில் விமானத்தைத் தயார் செய்த கைகளுக்கு இது புதிய பாடம்தான். ஆனால் சார்ஜெண்ட் அளவுக்கு வந்தவர் கற்றுக்கொள்ள முடியாத பாடம் அன்று.

2028இல் நீட்டிப்புக் கேட்பதா, வெளியே வருவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். புதிய விமானத்தில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு, நடத்தைப் பதிவும் உடல்தகுதியும் சரியாக இருந்தால், நீட்டிப்புக்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

பதில்: கணபதி பட்டறை

கோவையில் மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கணபதியில் கணினி வழி இயங்கும் எந்திரங்களுள்ள சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் பம்புக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் ஜாப் ஆர்டர் செய்துகொண்டிருந்தோம்; இப்போது விமான உதிரி பாகங்களும் செய்கிறோம். விமானப்படையிலிருந்து வந்தவர்களை வேலைக்கு வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

மதிப்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. மிக்-21ஐப் பற்றிய அறிவு எங்களுக்குத் தேவையில்லை. எந்திரத்தில் நின்று பாகம் கடைவதற்கு ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் அவர்களைவிட வேகமாக இருக்கிறார்கள். முன்னாள் வான்வீரர் எங்களுக்குப் பயன்படுவது தரப் பரிசோதனையில்தான். விமானத் துறைக்கு வேலை செய்ய ஏஎஸ்9100 என்ற தரச் சான்றிதழ் வேண்டும். அதன் கீழ், ஒரு சிறு புஷ்ஷாக இருந்தாலும், எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது, யார் கடைந்தார், யார் அளந்தார், எந்த அளவுகோலால் அளந்தார், அந்த அளவுகோல் எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமில்லாதது இதுதான். இங்கே மேஸ்திரி கண்ணால் பார்த்துச் "சரியாத்தான் இருக்குதுங்க" என்றால் சரக்கு வண்டியில் ஏறிவிடும். தான் கையெழுத்துப் போட்ட வேலைக்கு ஒரு விமானியின் உயிர் பொறுப்பு என்று பழகிவந்தவர், அளவு ஒரு மைக்ரான் விலகினாலும் பாகத்தை ஒதுக்கி வைத்துவிடுவார். முதலாளி நின்று கத்தினாலும் எடுத்துத் தரமாட்டார். அவரால் எனக்கு எரிச்சலும் வந்திருக்கிறது, வாடிக்கையாளரும் நிலைத்திருக்கிறார்.

சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சார்ஜெண்டாகக் கடைசியில் வாங்கியதைச் சிறு பட்டறைகளால் கொடுக்க முடியாது. ஓய்வூதியம் தனியாக வருவதால் இரண்டும் சேர்ந்து குடும்பத்துக்குப் போதும் என்று கணக்கிட்டு வருபவர்களே இங்கே நிலைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க் 1ஏ விமானத்தின் இறக்கைகளை எல் அண்ட் டி நிறுவனம் கோவையிலேயே செய்கிறது. முதல் தொகுதியை இந்த ஆண்டு ஜூலையில், அந்த விமானத்தைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தார்கள். லட்சுமி மெஷின் ஒர்க்ஸான எல்.எம்.டபிள்யூ.வும் அந்த விமானத்துக்குப் பாகங்கள் செய்யும் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் ஓசூரும் அடக்கம். உங்கள் தம்பி தேஜஸில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தால், கலப்புப் பொருளில் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று அவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். மிக்-21 அனுபவத்தோடு மட்டும் வந்தால் பரிசோதகராக வரலாம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. ஆகவே, சூலூரோ வேறெங்கோ, முதலில் தேஜஸுக்கு மாறச் சொல்லுங்கள்.

நாசிக்கைப் பாருங்கள். மிக்-21 செய்வதற்கென்றே தொடங்கப்பட்ட எச்.ஏ.எல். ஆலை அது, பிறகு சுகோய் செய்தது, இந்த மாதம் 17ஆம் தேதி அங்கே செய்த முதல் மார்க் 1ஏ பறந்திருக்கிறது. ஆலையே மாறும்போது ஆள் மாற முடியாதா?

பதில்: கலங்கல் வாசி

பட்டறைக்கார அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வேன். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2018இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து "கோவைக்கு விமானத் தொழில் வருகிறது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சூலூர் பக்கம் வாரப்பட்டியில் வரும் என்று சொல்லப்படும் பாதுகாப்புத் தொழில் பூங்காவை நம்பி நாற்பதை நெருங்கும் ஒருவர் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் 14.5 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. என் உறவினர் ஒருவர் ரேடார் பிரிவிலிருந்து வந்து இப்போது வங்கியில் இருக்கிறார். வீட்டிலிருந்து வண்டியில் போய்வருகிறார், மாதம் பிறந்தால் சம்பளம். இருபது ஆண்டு கற்றதை வீணாக்குகிறார் என்று சிலர் சொல்வார்கள். அவர் குழந்தைகள் அப்படிச் சொல்வதில்லை.

பதில்: ரெட்பீல்ட்ஸ் பக்கம்

விமானிகளைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நான் போர் விமானி அல்லன். சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்று, கோவையில் குடியேறியவன்.

மிக்-21 ஒற்றை இருக்கை விமானம். அதில் இருந்த இளம் விமானிகள் மாற்றுப் பயிற்சி பெற்றுத் தேஜஸ், சுகோய், ஜாகுவார் என்று பிரிந்து போவார்கள், சிலர் பயிற்றுநர்களாவார்கள், பதவி உயர்ந்தவர்களுக்கு மேசை வேலை வரும். அவர்களில் யாரும் வேலையற்று நிற்கப்போவதில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொடும் ஒரு விமானத்தை, கணினியின் துணை பெரிதாக இல்லாமல் இறக்கிப் பழகிய கை எந்த விமானத்திலும் தடுமாறுவது அரிது.

கவலைப்பட வேண்டியது விமானங்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான். அனுமதிக்கப்பட்ட சண்டை ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 போனபின் இருப்பவை 29. விமானம் குறைந்தால் ஒவ்வொரு விமானிக்கும் கிடைக்கும் பறக்கும் நேரமும் குறையும். இருபத்தைந்து வயதில் நேரம் குறைந்தால் அதன் பாதிப்பு முப்பத்தைந்து வயதில் தெரியும். மார்க் 1ஏ 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. 2024இல் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஃப்404 என்ஜின்கள் தாமதமானதும் ஒரு காரணமாக, இன்னும் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேரவில்லை. சண்டிகர் விழாவுக்கு முந்தின நாள்தான் மேலும் 97 விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. உங்கள் சித்தப்பா மகன் இப்போது என்.டி.ஏ.வில் சேர்ந்தால், அங்கே மூன்று ஆண்டும் அதன்பின் பறக்கும் பயிற்சியும் முடிந்து ஸ்குவாட்ரனுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அவனுடைய காலத்துக்கு விமானங்கள் வந்திருக்கும் என்றே நம்புகிறேன். இன்றைய இளம் விமானிகளின் நிலைதான் நெருக்கடியானது.

மிக்-21ஐ இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாமே என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, வாங்கிய 872 மிக் விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் போயிருந்தன; 171 விமானிகள் இறந்திருந்தார்கள். 1963இல் வந்த வகை, 62 ஆண்டுகள் பறந்தது. மாற்று விமானம் வராததால்தான் இத்தனை காலம் பறந்ததே ஒழிய, தகுதியால் அன்று. இதில் உணர்ச்சிவசப்பட எனக்கு ஒன்றுமில்லை.

வெளியே போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர் விமானி என்றாலே ஓய்வுக்குப் பிறகு பயணிகள் விமான நிறுவனம் கை நீட்டி அழைக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். சிவில் விமானத்தில் தலைமை விமானியாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். மிக்-21இல் ஒரு பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்களைப் போல் ஏஎன்-32இல் சண்டிகரிலிருந்து லே போய்வந்து மணிக்கணக்கைச் சேர்த்தவர்கள் அல்லர் அவர்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் வழிநடத்தல், வானிலை, விமான விதிகள் தேர்வுகளை எழுதி, ஏர்பஸ் அல்லது போயிங் வகைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக முடிவெடுத்துப் பழகியவர், பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிச் சொல்லி ஓட்டப் பழக வேண்டும். முடியாதது அன்று, பலர் செய்திருக்கிறார்கள். தானாக நடந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

சோமனூர் அக்கா

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று தம்பியிடம் பேசி இவற்றைப் படித்துக் காட்டினேன். மாறுதல் உத்தரவு வரவில்லை என்பதும், தேஜஸுக்கு விருப்பம் தெரிவித்திருக்கிறான் என்பதும் இப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தன. கலங்கல் சகோதரர் சொன்ன வங்கி வேலை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, தம்பிக்குப் பிடிக்கவில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் என்று ஒன்று இருப்பதாகவும், அதை வாங்கினால் பயணிகள் விமானத்தில் வேலை பார்க்கலாம் என்றும் அவன் சொல்கிறான். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவனுக்கு அதை நேரடியாகக் கொடுத்துவிடுவார்களா?

பழைய ஃபிட்டர், காங்கயம்பாளையம்

நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள் அம்மணி. அந்த உரிமம் டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்-66 விதிகளின்படி வருவது. ஏர்ஃப்ரேமும் என்ஜினும் பார்ப்பவர்களுக்கு பி1, மின்னணுப் பிரிவுக்கு பி2. பாடத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேற வேண்டும். படையில் பெற்ற அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சிவில் விமானப் பராமரிப்பிலும் கொஞ்சக் காலம் கூடுதலாக வேலை செய்து காட்ட வேண்டும். அதனால் 2028இல் வெளியே வந்த பிறகு படிக்க உட்காருவதைவிட, இப்போதே மாலை நேரங்களில் கணிதம், இயற்பியல், மின்னியல் அடிப்படைப் பாடங்களில் தொடங்கி, முடிந்தவற்றை எழுதி வைப்பது நல்லது. எனக்குத் தெரிந்து, வெளியே வந்தபின் குடும்பச் சுமையோடு படித்து முடித்தவர்கள் குறைவு.

இன்னொன்று, இது அவசரமானது. ஸ்குவாட்ரன் மூடப்பட்டு ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டால், எந்தெந்த வேலையை எத்தனை ஆண்டு செய்தார், எதற்கெல்லாம் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றிருந்தார் என்று சான்று தர ஆள் கிடைக்க மாட்டார். இப்போது அங்கே இருக்கும் பொறியியல் அதிகாரியிடம் கேட்டு, முறையான அனுபவச் சான்றாக அலுவலக வழியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபார்ம் 700 போன்ற விமானப் பதிவேடுகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். விமானம் ஓய்வு பெற்றுவிட்டாலும் அந்தப் பதிவேடுகளுக்கான ரகசிய விதி ஓய்வு பெறவில்லை, அதில் மாட்டினால் ஓய்வூதியமே ஆபத்தில் போய் முடியும்.